குழுவினரில் ஒருவன்

சார், காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டிக்கிறீங்களா? தவிலு. மேல பலகையில வச்சா பஸ்ஸு குலுங்குற குலுக்கலுக்கு உருண்டு எவன் மண்டையிலயாவது விழும். அப்புறம் அதையும் இந்தக் கோட்டைச்சாமிதான் அடிச்சான்னு எழுதி வச்சுருவாங்க. சும்மா சொல்றேன், பயந்துறாதீங்க. ஒக்காருங்க.

இல்லல்ல, கல்யாண மேளம் இல்ல. நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரி. பஞ்சவர்ணம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? கெழக்க ராமநாதபுரம், மேக்க தேனி, அந்தப் பிள்ளை கொரலு கேக்காத கோயில் பொங்கல் கெடயாது. பதினோரு வருசமா அவளுக்கு நான்தான் தவிலு. இப்பவும் அங்கதான் போய்க்கிட்டிருக்கேன். வேலம்பாறையில இன்னிக்குப் பொங்கல், சாயங்காலம் மேடை.

வழியில போஸ்டர் ஒட்டியிருப்பாங்க, பாருங்க. பெரிசா அவ படம் இருக்கும், செவப்புச் சேலை, கையில மைக்கு. கீழ 'பஞ்சவர்ணம் குழுவினர்'னு போட்டிருக்கும். அந்தக் குழுவினர்னு இருக்குல்ல, அதுல ஒருத்தன் நான். பக்கவாத்தியக்காரன் பேரு போஸ்டர்ல வராது சார். தலைகீழா நின்னு வாசிச்சாலும் வராது. எங்களுக்குப் பேருன்னு ஒண்ணு எப்ப வரும்னா, கச்சேரி பாதியில பாடுறவங்க ஒவ்வொருத்தரா அறிமுகம் பண்ணுவாங்க. கீபோர்டு இன்னாரு, பம்பை இன்னாருன்னு. பேரைச் சொன்னதும் அந்தாளு தன் வாத்தியத்துல கொஞ்ச நேரம் தனியா வெளுத்து வாங்குவான். சனம் கை தட்டும். அம்புட்டுதான் எங்க பொழப்பு. வேன்ல மடங்கிப் படுக்குறதும் கண்ட ஊருத் தண்ணியக் குடிக்கிறதும் அந்த ஒரு நிமிசத்துக்குத்தான்.

பஞ்சவர்ணம் என் பேர எப்பிடிச் சொல்லுவா தெரியுமா? மத்தவங்களை எல்லாம் சொல்லி முடிச்சுட்டுக் கடைசியா என் பக்கம் திரும்புவா. "தவில்..."னு இழுத்து நிப்பாட்டிருவா. மொத்தக் கூட்டமும் கம்முன்னு ஆயிரும். அப்புறந்தான், "நம்ம கோட்டைச்சாமி அண்ணன்"ம்பா. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போகும் சார். சத்தியமாச் சொல்றேன், பதினோரு வருசத்துல ஒரு மேடையிலகூட அது பழகிப்போகல.

அதுக்கு முந்தி ரெண்டு எடத்துல இருந்தேன். மொத எடம் ஒரு கரகாட்ட செட்டு. அங்க என் பேரே தவிலுதான். "தவிலு, சாப்பிட்டியா?", "தவிலு, வேன்ல ஏறு." அப்பனும் ஆத்தாளும் வச்ச பேரு எதுக்கு இருக்கு? ஒரு ஊருல ஒரு குடிகாரப் பய, ஆடுற பிள்ளை தலையில சாராயத்த ஊத்திட்டான். நான் அப்ப விரல்ல கூடு போட்டிருந்தேன். கூடுன்னா, தவில்காரன் வலது கை விரல்ல மாட்டுறது சார். துணியில பசையத் தடவிச் சுத்திக் காயப்போட்டா கல்லு கணக்கா இறுகிரும். அந்தக் கையோடயே ஒண்ணு விட்டேன். கன்னம் கிழிஞ்சு உள்ள இருக்குற பல்லு வெளிய தெரிஞ்சுச்சு. அவன் நல்ல நேரம், கண்ணுல படல. மறுநா செட்டுக்காரரு, "நீ வேற எடம் பாத்துக்கப்பா"ன்னுட்டாரு. யாருக்காக அடிச்சேனோ அந்தப் பிள்ளையும் வாயத் தெறக்கல. என்னைய விட்டுத் தள்ளித்தான் போயி நின்னுச்சு. நன்றி கெட்ட சனம்.

அப்புறம் வேம்பையான்னு ஒரு பாட்டுக்காரரு. பெரிய ஆளு, ஆனா மேடையில யாரு பேரையும் சொல்ல மாட்டாரு. நேரம் வீணாம். சரின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு வாசிச்சேன். அங்க உறுமி வாசிச்சவன் ஒருத்தன், ஒருநா வேன்ல வரும்போது எம் பொண்டாட்டியப் பத்திப் பேச்சை எடுத்தான். "அண்ணி அவுக அண்ணன் வீட்டோட போயிட்டாகளாம்ல, கையில கட்டுப் போட்டிருக்காகளாம்ல"ன்னு. வேன் கதவு காத்துக்காகத் தெறந்துதான் இருந்துச்சு. வேனும் மெதுவாத்தான் போச்சு. தள்ளிவிட்டேன்னு சொல்றாங்க. தோள்ல கை வச்சேன், அம்புட்டுதான். இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு, இன்னும் கம்பு ஊணித்தான் நடக்குறானாம். பேசுறவன் பாத்துப் பேசணும்ல? எம் பொண்டாட்டி கதை வேற கதை. அதை விடுங்க.

இதெல்லாம் தெரிஞ்சுதான் பஞ்சவர்ணம் என்னையக் கூப்பிட்டா. "அண்ணே, உங்க கோவத்த எல்லாம் தவில்ல காட்டுங்க, எனக்கு அது போதும்"னா. காட்டுனேன் சார். அவ ஒரு அடியப் பாடி முடிச்சு மூச்சு வாங்குற எடம் இருக்கு பாருங்க, அங்க நாலே நாலு தட்டு வைப்பேன். கூட வேணாம், கொறைய வேணாம். அந்த நாலு தட்டுல கெழவிக எந்திரிச்சு ஆடும். அவ புருசன் செல்லையாதான் கீபோர்டு. அவன் ஒரு வாயில்லாப் பூச்சி, புள்ளிவச்ச சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு ஓரமா நிப்பான். பாட்டைத் தூக்கி நிறுத்துனது நான்தான்.

எங்களுக்குள்ள ஒரு சைகை உண்டு. தொண்டை வறண்டுச்சுன்னா அவ கழுத்துல கைய வைப்பா. ஒடனே நான் தனியாப் புடிச்சுக்கிருவேன். அவ பின்னாடி போயித் தண்ணி குடிச்சுட்டு நிதானமா வருவா. வாய் பேச வேண்டியதில்ல.

இந்த மாசியில சித்தனூர்ல மேடை. விழாக் கமிட்டித் தலைவரோட மச்சினரு பொன்னாடை போத்த மேல வந்தாரு. போத்திட்டு எறங்க வேண்டியதுதான? மைக்க வாங்கி ரெண்டு வார்த்தை பேசுறேன்னு அவ பக்கத்துலயே ஒரசிக்கிட்டு நின்னாரு. அப்பப் பாத்து அவ கை கழுத்துக்குப் போச்சு. மூஞ்சியும் ஒரு மாதிரி இருந்துச்சு. இந்தாளு போத்துற சாக்குல கழுத்தைத் தொட்டுட்டான்டான்னு எனக்குப் பொறி தட்டிருச்சு. தோள்ல இருந்து தவிலைக் கழட்டக்கூட இல்ல. இடது கையில இருந்த குச்சியால பொடதியில போட்டேன். பூவரசங்குச்சி, நல்லா வெளஞ்சது. கீழ விழுந்தாரு. விழுந்த ஆளு மேல காலை வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு போட்டேன். காது வழியா ரத்தம் வந்துச்சு. மைக்கு அவரு கையிலதான் இருந்துச்சு, அந்தாளு முனகுனது ஊரு பூராக் கேட்டுச்சு.

தண்ணிக்குத்தானாம் சார். பொறகு சொன்னாங்க. சும்மா தொண்டை வறண்டு போயித்தான் கைய வச்சாளாம். எனக்கு எப்பிடித் தெரியும்? சொன்னாத்தான தெரியும்.

ஊரு பொங்கிருச்சு. பந்தக்காலைப் புடுங்கிக்கிட்டு வந்தாங்க. கீபோர்டைக் கடப்பாரையால குத்தி ஒடச்சாங்க. பம்பைக்காரனைப் போட்டு மிதிச்ச மிதியில அவனுக்கு வெலா எலும்பு ரெண்டு போச்சு. எங்க வேன் கண்ணாடி ஒண்ணு பாக்கியில்ல. ஒரு கல்லு வந்து பஞ்சவர்ணம் நெத்தியில, புருவத்துக்கு மேல, பட்டுச்சு. தோலு பொளந்து வெள்ளையா எலும்பு தெரிஞ்சுச்சு. அந்த ரணகளத்துலயும் அவளைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனது யாரு? நான்தான். என் முதுகுல எத்தனை அடி விழுந்துச்சு தெரியுமா? "எறக்கி விடுங்க, என்னைய எறக்கி விடுங்க"ன்னு கத்திக்கிட்டே வந்தா. பாவம், வலியில கத்துறான்னு நான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் போன் இல்ல. பங்குனி பொறந்துருச்சு, பங்குனியில எங்களுக்கு ஓயாத வேலை. நான் கூட்டைக் காயவச்சுப் புதுசாத் தயார் பண்ணிக்கிட்டு வீட்டுல ஒக்காந்திருக்கேன், வேன் வந்து ஹாரன் அடிக்கும் ஹாரன் அடிக்கும்னு. வரல. டீக்கடையில ஒரு பய போன்ல வீடியோவைக் காட்டுறான், "என்னண்ணே, உங்க செட்டுல வேற தவிலு வாசிக்குது"ன்னு. பாத்தேன். என் எடத்துல எவனோ ஒருத்தன் நிக்கிறான். அந்தப் போனை வாங்கி அடுப்புல போட்டுட்டேன். அழுகை வந்துருச்சு சார். டீக்கடையில ஒக்காந்து அழுதேன்.

நேரா அவ வீட்டுக்குப் போனேன். செல்லையா வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "அண்ணே, கொஞ்ச நாளைக்கு ஓய்வா இருங்கண்ணே"ங்குறான். வாயில்லாப் பூச்சிக்கு வாயைப் பாருங்க. சட்டையப் புடிச்சு வாசல் கேட்டோட சேத்து வச்சு அமுக்குனேன். கேட்டுக் கம்பி அவன் கன்னத்துல பதிஞ்சுபோச்சு. அப்ப அவ வெளிய வந்தா. நெத்தியில தையல் போட்ட தழும்பு. "கைய எடுங்கண்ணே"ன்னா. ஒடனே எடுத்துட்டேன். அவ சொல்லுக்கு நான் மறுசொல்லு பேசுனதே இல்ல.

"ஏம்மா, என் வாசிப்புல என்ன கொறை?"ன்னு கேட்டேன்.

"வாசிப்புல ஒரு கொறையும் இல்லண்ணே. நீங்க பக்கத்துல நின்னா எனக்குப் பாட வரல. மேடையில நான் சனத்தைப் பாக்குறதில்ல. உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்"னா.

பாத்தீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா. அம்புட்டு சனம் முன்னாடி இருக்கும்போது என் கைய மட்டும்தான் பாக்குறாளாம். எந்தப் பக்கவாத்தியக்காரனுக்கு சார் அந்த மரியாதை கெடைக்கும்? சொல்லிட்டு அவ கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டா. இது எல்லாம் செல்லையா வேலைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஏன் சார் தள்ளித் தள்ளிப் போறீங்க? சீட்டு பூரா எடம் இருக்கு. தாராளமா ஒக்காருங்க.

முந்தாநேத்து ஆவாரங்காட்டுல அவங்களுக்கு மேடை. மத்தியானமே போயிட்டேன். சமுதாயக்கூடத்துக்குப் பின்னாடி சமையல் நடக்குது. செட்டுக்காரங்க எல்லாம் உள்ள படுத்திருக்காங்க. அந்தப் புதுத் தவிலு மட்டும் வேப்பமரத்தடியில ஒக்காந்து விரலுக்குக் கூடு சுத்திக்கிட்டிருந்தான். அருள்செல்வம்னு பேரு. முப்பது வயசிருக்கும். மியூசிக் காலேஜுல படிச்சவனாம். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டான். மூஞ்சி வெளிறிப்போச்சு, ஆனாலும் கும்பிட்டான். "அண்ணே, உங்க வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்துத்தாண்ணே நான் பழகுனேன். அந்த நாலு தட்டு எனக்கு இன்னும் வரலண்ணே"ன்னான். பணிவான பய. அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

"ஒத்தக் கையால சுத்துனா லூசா வரும்டா, குடு"ன்னு வாங்கி நானே சுத்திவிட்டேன். பசை தடவி, துணிய இழுத்து, ஒவ்வொரு விரலா. குறை சொல்ல முடியாது, அப்பிடி ஒரு சுத்து. கூடு காயிற வரைக்கும் விரலை அசைக்கக் கூடாது சார். கைய விரிச்சு வச்சுக்கிட்டு வெயில்ல அப்பிடியே ஒக்காந்திருக்கணும். அவனும் ஒக்காந்திருந்தான். அவன் பொண்டாட்டி மாசமா இருக்காளாம், அதைச் சொன்னான். நானும் நல்லா இருப்பான்னு சொன்னேன்.

சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "மேடையில உன் பேரைச் சொல்லுதாடா அந்தப் பிள்ளை?"

"சொல்லுவாங்கண்ணே."

"எப்பிடிச் சொல்லும்?"

சொல்லாம இருந்திருக்கலாம்ல அவன்? சிரிச்சுக்கிட்டே சொல்றான். "கடைசியாத்தாண்ணே சொல்லுவாங்க. 'தவில்...'னு இழுத்து நிப்பாட்டிட்டு, அப்புறம் 'நம்ம அருள்செல்வம் தம்பி'ன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்பிடியே சிலுத்துரும்ணே"ங்குறான்.

பக்கத்துல அம்மி கெடந்துச்சு, சமையலுக்குப் போட்டது. அவன் கையப் புடிச்சு அம்மி மேல வச்சேன். கூடு சரியாக் காஞ்சிருக்கான்னு பாக்கப்போறேன்னு நினைச்சுக்கிட்டான், கையக் குடுத்துட்டுச் சும்மா இருந்தான். குழவியத் தூக்கிப் போட்டேன். மொத அடிக்கு அவன் கத்தவே இல்ல சார். என் மூஞ்சியப் பாத்தான். ரெண்டாவது அடிக்குத்தான் கத்துனான். கூடு போட்டிருந்ததால சத்தம் மண்சட்டி ஒடையுற மாதிரி இருந்துச்சு. துணிக்குள்ள இருந்து ரத்தம் ஊறி, ஊறி, வெள்ளைக் கூடெல்லாம் செவந்துபோச்சு. வலது கை மட்டும்தான். இடது கைய நான் தொடல. நான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல.

சமையக்காரங்க கரண்டியோட ஓடியாந்தாங்க. நான் கெழக்க ஓடிக் கம்மாய்க்குள்ள எறங்கிட்டேன். சாயங்காலம் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள வந்து நின்னேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். தவிலு இல்லாம என்ன பண்ணுவா? ஆள விட்டு என்னையத் தேடுவாளா மாட்டாளா? தேடி ஆள் வந்தவொடனே போயி நிக்கணும்னு தவிலைப் பொட்டிக்கடையில குடுத்து வச்சிருந்தேன்.

மேடைக்கு வந்தா. கண்ணு வீங்கியிருந்துச்சு. "இன்னிக்குத் தவில் இல்லாமப் பாடப்போறோம், தாய்மாரு மன்னிக்கணும்"னா. பாடு, நொண்டும், நொண்டிக்கிட்டு என்கிட்ட வருவன்னு நினைச்சேன். மொத அடியப் பாடுனா. மூச்சு வாங்குற எடம் வந்துச்சு. அங்க ஒண்ணுமே இல்ல. சும்மா காத்து. எனக்கு நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. ரெண்டாவது அடி, மறுபடியும் அந்த எடம். முன்னாடி ஒக்காந்திருந்த பொம்பளைக கையத் தட்டுச்சுக சார். நாலே நாலு தட்டு. கூட இல்ல, கொறைய இல்ல. அப்புறம் மொத்த ஊரும் தட்டுது. பாட்டு நிக்கல. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுச்சு. நான் கண்டுபுடிச்சு வச்ச எடம் அது. அதை எவளோ கஞ்சி காச்சுறவ கையால தட்டுறா.

அறிமுகம் வந்துச்சு. கீபோர்டு, பம்பை, கூடப் பாடுற பிள்ளைக, எல்லாரையும் சொன்னா. கடைசியா அந்தக் காலி எடத்துப் பக்கம் திரும்பினா. அவனோட தவிலை மட்டும் ஸ்டாண்டுல நிக்க வச்சிருந்தாங்க. "தவில்..."னு இழுத்தா. கூட்டம் கம்முன்னு ஆயிருச்சு. நான் துண்டை எடுத்துட்டேன் சார். நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். அவளுக்கு என் மூஞ்சி தெரியட்டும்னுதான். தெரிஞ்சுச்சு. என்னைய நேராப் பாத்தா. பாத்துக்கிட்டே, "நம்ம அருள்செல்வம் தம்பி"ன்னு சொன்னா.

சொல்லிட்டு மைக்கைக் கீழ எறக்கிட்டா. தனி வாசிக்கிற நேரம் பூரா அப்பிடியே நின்னா. அப்புறம் சனம் எந்திரிச்சுக் கை தட்டுச்சு பாருங்க, என் வாழ்நாள்ல அப்பிடி ஒரு கைதட்டு நான் வாங்குனதில்ல. எவனுக்கு? ஆசுபத்திரியில படுத்துக் கெடக்குறவனுக்கு. ஒரு தட்டுக்கூடத் தட்டாதவனுக்கு. இது அநியாயம் இல்லையா சார்? நீங்களே சொல்லுங்க.

செல்லையா போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கானாம். குடுக்கட்டும். எனக்குக் கெடச்ச சேதி வேற. இந்த ரெண்டு நாள்ல அவளும் தெரிஞ்ச தவில்காரனுக்கெல்லாம் போன் போட்டிருக்கா, ஒருத்தன்கூட வர மாட்டேன்னுட்டானாம். மானாமதுரைக்காரன், மேலூர்க்காரன், ஒருத்தன் இல்ல. விரல் முக்கியம்னு சொல்லிட்டாங்களாம். அப்ப வேலம்பாறையில அந்த எடம் யாருக்காகக் காலியா இருக்கு? யோசிச்சுப் பாருங்க. எனக்காகத்தான வச்சிருக்கா. நேரா மேடையில ஏறி நிக்கப்போறேன். அவ திரும்பித்தான் ஆகணும். திரும்புனா சொல்லித்தான் ஆகணும்.

என்ன சார் போனை எடுக்குறீங்க? யாருக்கு? வீட்டுக்கா? அப்புறம் பேசிக்கலாம், உள்ள வைங்க. அட, வைங்கங்குறேன். அந்தக் கையக் குடுங்க. கொண்டாங்க இப்பிடி. நல்ல நீள விரலு சார் உங்களுக்கு. என்ன வேலை பாக்குறீங்க, எழுத்து வேலையா? நடுங்காதீங்க, நான் என்ன பண்ணிட்டேன்? அடுத்த ஸ்டாப்புல நான் எறங்கிருவேன். அதுக்கு முந்தி ஒரே ஒரு ஒத்தாசை. ஒரு தடவை சொல்லுங்க, அவ சொல்ற மாதிரி. தவில்னு இழுக்கணும், நிப்பாட்டணும், அப்புறம் என் பேரு.

இம்புட்டு மெதுவாச் சொன்னா யாருக்குக் கேக்கும்? பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்கணும். கைய விட்டுருறேன் சார், சத்தமாச் சொல்லுங்க.